பழுதான கருவி, ஆள் இல்லை

லம்பா லைன், போர்ட் பிளேர்
20.2.2005

அன்புத் தம்பி உதயாவுக்கு,

இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கிடைத்தனவா, கிடைத்தும் கிழித்துப் போட்டாயா, தெரியவில்லை. கச்சால் தீவுக்கு வரும் நிவாரணக் கப்பலில் ஒரு நர்ஸம்மா வருகிறார். உன் கையிலேயே கொடுக்கச் சொல்லி இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் இரண்டு நாள் வரிசையில் நின்று, அரிசி மூட்டைகளோடு மூட்டையாகக் கப்பலேறி, ஜனவரி பதிமூன்றாம் தேதி, கச்சால் ஆட்களை வைத்திருந்த கமோர்டா முகாமுக்கு வந்தேன். "அப்பாவை எங்கடா வச்சீங்க?" என்று கேட்டேன். நீ என் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து போனாய். நம் தோட்டத்து லய வீட்டு ஒச்சம்மாதான், "போயிரு தாயி, அவன் இப்ப மனுசனா இல்ல" என்று என்னைப் படகில் ஏற்றிவிட்டாள்.

பதினெட்டு நாள் கழித்து வந்தவள்மேல் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் ராக்கெட் கண்காணிப்பு நிலையத்தில் கப்பல்களோடு பேசுவதற்கு ஒரு பழைய வயர்லெஸ் செட் உண்டு. சுனாமித் தண்ணீர் வந்த அன்று தீவுகளின் தொலைபேசியெல்லாம் செத்துப்போனது. எந்தத் தீவில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கூப்பிட்டுக் கேட்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஐந்து நாள் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. கச்சாலை எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. பதில் வரவில்லை.

அப்பா இருக்கும் இடத்தைச் சொல். வந்து ஒரு பிடி மண் போட விடு. பெற்றவருக்கு மண் போடாத மகளாக என்னை நிறுத்திவிடாதே, உதயா.

உன் அக்கா,
தமிழரசி

*

கச்சால், டின் ஷெட் 41
4.5.2005

அக்காவுக்கு,

மூணு கடிதமும் கிடைச்சுது. கிழிக்கல.

அப்பாவை ஆபீஸ் மேட்டுக்குப் பின்னால, அவரு மணியடிச்சுப் பேர் வாசிச்ச பெரட்டுக் களத்து ஓரத்துல வச்சிருக்கோம். பக்கத்துல ரெண்டு ரப்பர் மரம் தப்பிச்சு நிக்குது. லயம் பூராவும் போச்சு. இப்ப எல்லாரும் தகரக் கொட்டாய்ல இருக்கோம். மத்தியானத்துல உள்ள இருக்க ஏலாது, வெந்து போயிரும்.

நீங்க வர வேண்டாம். லேட்டா வந்ததுக்காகச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. கப்பல் கெடைக்காதது எனக்கும் தெரியும். காரணம் வேற. அது உங்களுக்கே தெரியும்.

உதயசூரியன்

*

பெங்களூர்
11.11.2006

தம்பி உதயாவுக்கு,

எப்போதிருந்து நான் உனக்கு "நீங்க" ஆனேன்? இடுப்பில் தூக்கி வளர்த்தவளைப் போய், அடேயப்பா, என்ன மரியாதை!

"உங்களுக்கே தெரியும்" என்று எழுதியிருந்தாய். ஒன்றரை வருஷமாக யோசிக்கிறேன், தெரியவில்லை. அம்மா போனபிறகு உங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் படிக்கப் போனேனே, அதுவா? போர்ட் பிளேரில் வேலை கிடைத்தபிறகும் வருஷத்துக்கு ஒருமுறைதான் வந்தேன், அதுவா?

இங்கே மாற்றலாகி நான்கு மாதம் ஆகிறது. நிலாவுக்கு ஒரு கலம் அனுப்பப்போகிறார்கள். அதன் குரலைப் பூமியில் வாங்கும் கருவியில் ஒரு பகுதி என் பொறுப்பு. கேட்டதும் அப்பா நினைவுதான் வந்தது. போர்ட் பிளேருக்கு ஒருமுறை வந்தவர் எங்கள் டிஷ்ஷை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்த ராக்கெட்டு உன்கிட்ட என்னத்தைப் பேசும் புள்ள?" என்று கேட்டார். "பெருசா ஒண்ணும் இல்லப்பா. இங்க இருக்கேன், நல்லா இருக்கேன், அவ்வளவுதான் சொல்லும்" என்றேன். "அட, அப்ப அதுவும் பெரட்டுதான்" என்று சிரித்தார்.

நினைத்துப் பார்த்தால் சரிதான். விடிந்ததும் அப்பா களத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார். மூன்று அடி, இரண்டு அடி, ஒரு அடி. லயமெல்லாம் வந்து கூடும். பேர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவரும் "ஆள் இருக்கு" என்பார்கள். அதற்கப்புறம்தான் ரப்பர் பால் வெட்டப் போவது. சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தபோது தாத்தா கொண்டுவந்த பழக்கம் அது. அதைச் செய்தவரின் மகள் நிலாவிடம் பெரட்டு எடுக்கப்போகிறேன்.

இந்த டிசம்பரில் வரட்டுமா?

அக்கா,
தமிழரசி

*

கச்சால்
2.7.2007

அக்காவுக்கு,

ஜூன் பத்தாம் தேதி எனக்குக் கல்யாணம் முடிஞ்சுது. பொண்ணு பேரு விஜயகுமாரி. நம்ம தோட்டத்துப் பிள்ளைதான், தண்ணியில அவ வீட்டுல நாலு பேரு போயிட்டாங்க. கூப்பிடலன்னு கோவிச்சுக்காதீங்க. கூப்பிட்டா வந்திருப்பீங்க.

விஜயாதான் கேக்குறா, "ஒரே அக்கா, அவங்க என்னதான் செஞ்சாங்க?"ன்னு. நான் சொல்லல. உங்க வாயால வரட்டும்னு இருக்கேன்.

உதயசூரியன்

*

புனே
18.10.2009

தம்பி உதயாவுக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு நான் அனுப்பிய சேலையும் வேட்டியும் திரும்பி வந்தபிறகு எழுதக் கை வரவில்லை. விஜயா நன்றாக இருக்கிறாளா? அவளிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று சொல்.

பேப்பரில் படித்திருப்பாய். நிலாவுக்குப் போன கலம் ஆகஸ்டில் திடீரென்று வாயடைத்துப் போனது. நாங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். எல்லாரும் எழுந்து போனபிறகும் நான் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. "தமிழரசி, வாங்க, அது போயிருச்சு" என்று மேலதிகாரி தோளைத் தொட்டபோதுதான் அழுகிறேன் என்றே எனக்குத் தெரிந்தது. இரும்புக் கலத்துக்காக யாராவது அழுவார்களா? கச்சாலைக் கூப்பிட்ட அந்த ஐந்து நாளும் திரும்பி வந்துவிட்டன.

அதற்குப் பிறகு அங்கே இருக்க முடியவில்லை. இப்போது புனேக்கு வடக்கே ரேடியோ தொலைநோக்கிகள் இருக்கும் இடத்தில், ஒரு சின்னக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். நீ சிரிப்பாய். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் உலகங்களில் யாராவது இருக்கிறார்களா, எதையாவது அனுப்புகிறார்களா என்று காது வைத்துக் கேட்பதுதான் வேலை.

ஒரு நட்சத்திரத்தின் பக்கம் டிஷ்ஷைத் திருப்பி ஐந்து நிமிடம் கேட்போம். பிறகு பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்துக்குத் திருப்பி ஐந்து நிமிடம். ஒரே சத்தம் இரண்டிலும் வந்தால் அது நம் ஊர்ச் சத்தம். செல்போன் டவராக இருக்கும், பட்டறையில் வெல்டிங் வைப்பதாக இருக்கும். தள்ளிவிடுவோம். பார்க்கப்போனால் என் வேலையில் கேட்பது கொஞ்சம், தள்ளுவதுதான் அதிகம். சத்தத்தைப் பார்த்த மாத்திரத்தில் இதில் ஆள் இல்லை என்று சொல்லிவிடுவேன். இங்கே எனக்கு அதில் நல்ல பெயர்.

தள்ளியதையும் பதிவேட்டில் எழுதி வைப்போம். எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் மேலே ஒரே கோடு, பழையது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். போர்ட் பிளேரில் பழகியது, இன்னும் விடவில்லை.

அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி எனக்கு ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. ஐந்து வருஷம் ஆகப்போகிறது. நீயாவது சொல்லேன்.

அக்கா,
தமிழரசி

*

கச்சால்
12.12.2009

அக்காவுக்கு,

தள்ளுறதுல நல்ல பேராம். அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல.

கேட்டீங்கல்ல, சொல்றேன்.

பூகம்பம் வந்தப்ப நான் ஆபீஸ் மேட்டுல இருந்தேன். அப்பா கீழ லயத்துல. தண்ணி வருதுன்னு சத்தம் கேட்டு ஓடுனேன். கூரைத் தகரம் ஒண்ணு மிதந்து வந்து அவரு தொடையைக் கிழிச்சிருச்சு. தோள்ல போட்டு மேட்டுக்குத் தூக்கியாந்தேன். என் வேட்டியைக் கிழிச்சுக் கட்டினேன். நிக்காம ரத்தம்.

ஆபீஸ்ல தோட்டத்து வயர்லெஸ் செட் இருந்துச்சு, நான் தினமும் பேசுற செட். அதிர்வுல கீழ விழுந்து மைக் நொறுங்கிக் கெடந்துச்சு. பேச ஏலாது. பட்டனை அமுக்கினா மட்டும் செவப்பு லைட்டு எரியும், கேக்குறவங்க செட்டுல டக்குன்னு ஒரு சத்தம் போகும். லாரி பேட்டரியைக் கழட்டியாந்து மாட்டினேன். அப்பா பட்டனை வாங்கிக்கிட்டாரு. பெரட்டு மணி அடிக்கிற மாதிரியே அமுக்கினாரு. மூணு, ரெண்டு, ஒண்ணு. இருபத்தாறாம் தேதி மத்தியானத்துல இருந்து மறுநாள் காலை வரைக்கும் அமுக்கினாரு. விரல் நீலமாப் போச்சு.

இருபத்தேழு காலையில ஒம்பது மணி வாக்குல நிறுத்திட்டாரு. ஏன் நிறுத்துனாருன்னு நான் சொல்ல மாட்டேன்.

இருபத்தெட்டு விடியக்காலம் போயிட்டாரு. இருபத்தொம்பதாம் தேதி படகு வந்துச்சு.

அங்க யாரு இருக்கான்னு நட்சத்திரத்தைக் கேளுங்க. இங்க இருந்தவங்களைக் கேக்காதீங்க.

உதயசூரியன்

*

புனே
6.1.2010

உதயா,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்ற இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதை நான் கேட்டேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அதை நான் கேட்டேன், உதயா.

இருபத்தேழாம் தேதி காலை. தூங்கி ஒரு நாளைக்கு மேல் ஆகியிருந்தது. தெரசா தீவிலிருந்து ஒரு ஆள் பேச வந்தார். நூல் மாதிரிக் குரல். அவர் ஒரு வார்த்தை சொல்வார், அதன்மேல் "டக், டக், டக்" என்று ஒரு சத்தம் வந்து மூடும். முந்தின நாளிலிருந்தே அந்தச் சத்தம் இருந்தது. மோர்ஸ் தந்திக் குறியா என்று எழுதிப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் சேரவில்லை. எங்கேயோ ஒரு செட் நனைந்து, யாரும் இல்லாமல், தானாக அடித்துக்கொள்கிறது என்று முடிவு செய்தேன். பதிவேட்டில் எழுதினேன்: "இடைவிட்டு வரும் சத்தம். பழுதான கருவி, ஆள் இல்லை."

ஆள் இல்லை என்று எழுதிவிட்டு, ஒருவேளை இருந்தாலும் இருக்கட்டும் என்று மைக்கில் சொன்னேன்: "கராப் செட் பந்த் கரோ. சேனல் காலி கரோ." கெட்டுப்போன செட்டை அணை, வழியை விடு. அதட்டித்தான் சொன்னேன். எரிச்சலில் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. தெரசாக்காரர் பேசியது தெளிவாகக் கேட்டது. மேட்டில் நாற்பத்தொரு பேர், அதில் ஒரு கர்ப்பிணி. கப்பலைத் திருப்பினார்கள், எல்லாரும் பிழைத்தார்கள். எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். உன் கடிதம் வந்த அன்று கழற்றிவிட்டேன்.

பதினேழு வருஷம் அந்த மணிச் சத்தத்தில் கண் விழித்தவள் நான். மோர்ஸ் தெரிந்த காதுக்கு அது தெரியாமல் போயிற்று. படித்தவர்கள் அனுப்பும் சத்தத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். மைக் உடைந்தது என்று எழுதினாய், ஸ்பீக்கரைப் பற்றி எழுதவில்லை. நான் அதட்டிய நேரத்துக்கும் அப்பா நிறுத்திய நேரத்துக்கும் நடுவில் சில நிமிடங்கள்கூட இல்லை. ஸ்பீக்கர் வேலை செய்ததா? நான் சொன்னது அப்பாவுக்குக் கேட்டதா?

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. பதில் மட்டும் எழுது.

தமிழரசி

*

கச்சால், புது வீடு
5.9.2010

அக்கா,

எட்டு மாசமா உன் கடிதம் அரிசி டின்னுக்குள்ள இருக்கு. "ஒண்ணு பதில் எழுதுங்க, இல்ல தூக்கி எறிங்க, படி போடுறப்பல்லாம் கையில தட்டுது"ன்னு விஜயா தெனமும் சண்டை. அதான் இன்னிக்கு உக்காந்துட்டேன்.

ஸ்பீக்கர் வேலை செஞ்சுது.

பேட்டரி மாட்டுன ஒடனே மொத மொத கேட்டதே உன் குரல்தான். "ஹலோ கச்சால், ஹலோ கச்சால்"னு கூப்பிட்டே. போர்ட் பிளேரும் முழுகிருச்சுன்னு நாங்க நெனச்சிருந்தோம். அப்பா அந்தக் காலோட எழுந்து உக்காந்துட்டாரு. "அரசிடா! நம்ம அரசி! உசுரோட இருக்குடா!"ன்னு அழுவுறாரு, சிரிக்கிறாரு. "நம்ம மணியை அடிச்சா அதுக்கு வெளங்கும்"னு பட்டனைப் புடுங்கிக்கிட்டாரு. அவரு கப்பலைக் கூப்பிடலக்கா. நீ பேர் வாசிச்சே, அவரு ஆள் இருக்குன்னு சொன்னாரு.

மறுநாள் காலையில நீ செட்டை அணைக்கச் சொன்னே. "அக்காவுக்கு வெளங்கலப்பா, விடாம அமுக்குங்க"ன்னு கத்துனேன். தெரசாக்காரன் பேச்சு எங்களுக்கும் அரைகுறையா கேட்டுது. அப்பா பட்டன்ல இருந்து விரலை எடுத்துட்டு, "அங்க பிள்ளைத்தாச்சி ஒண்ணு இருக்காம்டா. புள்ள வேலை பாக்குது, குறுக்க நிக்காத"ன்னாரு. எனக்கு அந்தப் பிள்ளைத்தாச்சி யாருன்னு தெரியாது. எனக்கு அப்பாவைத்தான் தெரியும்.

மத்தியானம் அவரு கண்ணசந்த நேரம் பாத்து நான் பட்டனைத் தொட்டேன். சட்டுன்னு கையைப் புடிச்சுக்கிட்டாரு. "அமுக்கினா பேட்டரி வெரசா தீந்துரும். சும்மா கேட்டா ராவு வரைக்கும் வரும். எனக்குக் கேக்கணும்டா"ன்னாரு.

கேட்டாருக்கா. நீ ஒவ்வொரு தீவாப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை எல்லாம் கேட்டாரு. நடுவுல நீ இருமுனே. "தண்ணி குடிக்கச் சொல்லு யாராச்சும்"னு அந்தப் பொட்டியைப் பாத்துச் சொன்னாரு. பொழுது சாஞ்சு ரொம்ப நேரம் கழிச்சு பேட்டரி தீந்து உன் குரல் மெலிஞ்சு மெலிஞ்சு நின்னுருச்சு. அதுக்கப்புறம் அவரு எதுவும் கேக்கல, பேசல.

இதை நான் உன்கிட்ட சொல்லாம வச்சிருந்தேன். அந்த மணி உனக்கு வெளங்கியிருக்கும், வெளங்கியும் வேலைதான் பெருசுன்னு தள்ளிட்டே, அதை மறைச்சுட்டு என்கிட்ட மண் போடணும்னு நீ நடிக்கிறதா நெனச்சேன். நீயா ஒத்துக்கிட்டாத்தான் இந்த மீதியைச் சொல்றதுன்னு வைராக்கியம். உனக்கு அது வெளங்கவே இல்லன்னு உன் கடிதத்துலதான் தெரிஞ்சுது. அப்பா உன் குரலைக் கேட்டுக்கிட்டே போனாருங்கிறதை இத்தனை வருசம் உன்கிட்ட இருந்து புடுங்கி வச்சிருந்தேன். அது என் பாவம்.

மன்னிச்சுட்டேன்னு எழுத ஏலாதுக்கா. கோவம் இன்னும் கெடக்கு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும். ஆனா நீ வா. டிசம்பர்ல வா. படகுத்துறையில நான் நிப்பேன். விஜயா உனக்குன்னு ஒரு கட்டில் போட்டு வச்சிருக்கா.

உதயா

*

போர்ட் பிளேர்
20.12.2010

உதயா,

இந்தக் கடிதமும் நானும் ஒரே கப்பலில்தான் வருகிறோம். நேரில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். அதனால் எழுதி, படகுத்துறையில் உன் கையில் கொடுக்கிறேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு நாளாவது நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. "தண்ணி குடிக்கச் சொல்லு" என்ற இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். விடவில்லை. குழுவில் பேசி, தள்ளியதையெல்லாம் வாரம் ஒருமுறை வேறொருவர் திரும்பக் கேட்க வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்திருக்கிறேன். சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

இன்று பழைய நிலையத்துக்குப் போனேன். ஸ்டோரில் இருக்கும் அழகர்சாமி இருபத்தேழாம் தேதிப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். "ஆறு வருசப் பழசு மேடம், இதை இனிமே யாரு பாக்கப்போறா?" என்றார். நிலைய அதிகாரியிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிப் பேனா கேட்டேன்.

என் கையெழுத்து அப்படியே இருந்தது. காலை 9.10, பழுதான கருவி, ஆள் இல்லை. அதை அழிக்கவில்லை. மேலே ஒரே ஒரு கோடு போட்டேன். அந்தப் பதிவேடு முழுக்க ஆங்கிலம்தான். பக்கத்தில் இருந்த இடத்தில் நான் தமிழில் எழுதினேன்:

"ஆள் இருந்தார். பெயர் வெள்ளைச்சாமி, கச்சால் தோட்டம். கேட்டவர் அவர் மகள்."

கீழே கையெழுத்தும் இன்றைய தேதியும் போட்டேன். அழகர்சாமி படித்துவிட்டு உள்ளே போனார். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நாளைக் காலை ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பல் ஏறுகிறேன்.

உன் அக்கா,
அரசி